கறுவாத்தோட்டத்து வாட் பிளேஸ்

கொழும்பு மாநகர சபை மண்டபத்துக்கு அணித்தே, மக்கள் லிப்டன் சதுக்கம் என்றும் அரச ஏடுகள் டி சொய்சா சதுக்கம் என்றும் வழங்கும் வட்டச்சந்தி ஒன்று உண்டு. அங்கிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டுப் பொரளைச் சந்தியை அண்மித்து முடிவது வாட் பிளேஸ் என்னும் வீதி. ஓய்ந்து ஓய்ந்து நடப்பவரும் அரைமணிக்குள் அதனைக் கடந்துவிடலாம். கண் வைத்தியசாலையின் பழைய செங்கட்டடம் அமைந்த சதுக்கத்தையும் பல் வைத்தியசாலையையும் கண்டவாறு நோயாளர்களோடு நோயாளர்களாக அவ்வழியே செல்பவர், இது இத்தீவின் அரசியல் வரலாற்றிலே பெரும்பங்கு கொண்ட வீதி என்று எண்ணக் காரணம் எதுவும் கண்ணிற் படாது. இங்கே கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. வீடுகளே இருந்தன. ஆயின், இலங்கையின் இனங்கள் ஒன்றோடொன்று கூடியதற்கும் பின்னர் பிரிந்ததற்கும் அவ்வீடுகளிலே சில சாட்சியாக நின்றன. அதனாலேயே இவ்வீதியின் கதை அறியத்தக்கதாகின்றது.

வாட் பிளேசுக்குத் தெற்கே றோஸ்மீட் பிளேஸ், பாண்ஸ் பிளேஸ், ஹோட்டன் பிளேஸ் என்னும் வீதிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கின்சி வீதி இவற்றை ஊடறுத்துச் செல்கின்றது. நான்கு பெயர்களும் பிரித்தானியத் தேசாதிபதிகள் நால்வரின் பெயர்கள். ஹேர்க்குலிஸ் றொபின்சன் என்னும் தேசாதிபதி பிற்காலத்தில் றோஸ்மீட் பிரபு ஆனபடியால் அவர் வீதி அப்பெயர் பெற்றது. கின்சியோ தேசாதிபதி அல்லர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக் கூற்றில் அரசாங்க வைத்திய பகுதிக்குத் தலைவராயிருந்த மருத்துவர். மருத்துவக் கல்லூரியும் பெரிய ஆஸ்பத்திரியும் அயலில் இருக்க, வீதிக்கு அவர் பெயர் வாய்த்தது பொருத்தமே.

சேர் ஹென்றி ஜோர்ஜ் வாட் 1855 முதல் 1860 வரை இலங்கையை ஆண்டவர். கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப்பாதை இடும் வேலையை 1858 இல் தொடக்கிவைத்தவர் அவரே. கமத்தொழிலுக்கு நீர் வேண்டும் என்பதை உணர்ந்து, 1856 இல் நீர்ப்பாசனச் சட்டம் ஒன்றை இயற்றுவித்து, வயற்காரரின் பழைய ஊர் வழமைகளுக்குச் சட்ட வலுக் கொடுத்தார். மட்டக்களப்புப் பகுதியில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அவர் காலத்திலே திருத்தப்பெற்றன. 1860 யூலையில் சென்னைக்குக் கவர்னராக மாற்றம் பெற்றுச் சென்றவர், அங்கு ஒரு மாதமும் நிறையாமுன், ஓகஸ்ற் 2 ஆம் நாள் வாந்திபேதியால் இறந்தார். சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. கொழும்பு வீதியின் பெயருக்குரியவர் தமிழகத்து மண்ணிலே துயில்கின்றார் என்பது பலர் அறியாத செய்தி.

வீதி பிறக்குமுன் அந்நிலம் எவ்வாறிருந்தது? ஊர்ப்பெயரே விடை கூறும். தமிழர் அதனைக் கறுவாத்தோட்டம் என்றனர். ஒல்லாந்தர் காலத்தின் பெரும்பகுதியில் கறுவா காட்டிலிருந்தே உரித்தெடுக்கப்பட்டது. கண்டி மன்னனின் எல்லைக்குள் இருந்த காடுகளை நம்பியிருப்பது ஒல்லாந்தர்க்கு ஓயாத தொல்லையாயிருந்தமையால், 1769 இல் தேசாதிபதி பல்க் காலத்தில் மருதானையிலே கறுவாவைப் பயிரிட்டுப் பார்த்தனர். முயற்சி பலித்தது. கொழும்பைச் சூழ்ந்த மணற்பாங்கான நிலம் கறுவாப் பற்றைகளால் நிறைந்தது. பின்வந்த ஆங்கிலேயர் 1833 இல் கறுவாத் தனியுரிமையைக் கைவிட்டனர். பிறநாட்டுக் கறுவாவும் மலிவான காட்டுப்பட்டையும் சந்தையிற் போட்டியிட, விலை வீழ்ந்தது. தோட்டத்தைக் கட்டிக்காப்பதிற் பயனில்லாது போயிற்று. நிலம் மெல்ல மெல்ல வளவுகளாகப் பிரிந்தது.

வளவுகளை வாங்க ஆட்கள் வேண்டுமே! அவர்களை இங்கே தள்ளிவிட்டது துறைமுகம் எனலாம். அக்காலத்திற் செல்வர்கள் வாழ்ந்தது கொழும்பின் வடபுறத்திலே: முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை ஆகிய பகுதிகளில். 1875 இல் அலைதாங்கிச் சுவருக்கு அத்திவாரம் இடப்பட்டது. பத்தாண்டுகளில் அது நிறைவெய்தியது. காலித் துறைமுகத்துக்குச் சென்ற பெருங்கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. பண்டசாலையும் நிலக்கரியும் வண்டிச் சந்தடியும் வடபுறத்தை நிறைத்தன. கோப்பி, தேயிலை, தென்னை, காரீயம் என்பவற்றாற் பொருளீட்டியோரும், நியாயதுரந்தரரும், உயர்பதவி வகித்தோரும் தெற்கே நகர்ந்து கறுவாத்தோட்டத்தில் மாளிகை எழுப்பினர். 1877 இல் நூதனசாலையும் அருகில் திறக்கப்பட்டது. அக்கால வழக்கப்படி இம்மாளிகைகளுக்குப் பெயர்களே அடையாளம். அப்பெயர்களிற் பல இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் உள்ள ஊர்களுக்குரியவை. உரிமையாளர் சிலர் அவ்வூர்களைக் கண்ணாற் கண்டிருப்பரோ என்பது ஐயமே.

வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்த குடும்பங்களுள் ஒன்று வாயில் முதலியார் அருணாசலம் பொன்னம்பலத்தின் குடும்பம். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை நிறுவியவர் அம்முதலியார். அவருக்குப் புதல்வர் மூவர்: குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். நடுவரான இராமநாதன் 1851 இற் பிறந்து, சென்னையிற் பயின்று, நியாயதுரந்தரராகி, 1879 இல் தமிழ்ப் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபையில் அமர்ந்தார். பின்னர் சொலிசிற்றர் ஜெனரலும் ஆனார். தந்தையார் கட்டிய ஆலயத்தைக் கருங்கல்லாற் புதுக்கியவரும் அவரே. அவருடைய வாட் பிளேஸ் இல்லத்துக்குச் சுகஸ்தான் என்பது பெயர். ஆங்கில ஊர்ப்பெயர்கள் மலிந்த அயலிலே வடமொழிச் சாயல் கொண்ட பெயரைச் சூட்டியது அவர் மனப்போக்கைக் காட்டும். அவரோ தஞ்சையைச் சேர்ந்த அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். மத்தேயு, யோவான் ஆகியோர் எழுதிய சுவிசேஷங்களுக்குச் சைவநெறி நின்று ஆங்கிலத்தில் உரை வரைந்தவர். பகவத் கீதைக்குத் தமிழில் உரை கண்டவர்.

அண்ணன்மாரும் தம்பியரும் ஒருவரோடொருவர் அயலவராயினர். இளையவரான அருணாசலம் ஹோட்டன் பிளேசிலே பொன்கிளார் என்னும் இல்லத்தில் வாழ்ந்தார். மூத்தவரான குமாரசுவாமி, 1897 சனவரி 15 ஆம் நாள் மேனாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பிற் கரையிறங்கியபோது, இந்துக்களின் சார்பில் வரவேற்புப் பத்திரம் வாசித்தார். சுவாமிகள் தங்குவதற்கு ஒழுங்கு செய்யப்பட்ட பங்களாவும் பாண்ஸ் பிளேசிலேயே இருந்தது. தமிழ் மக்கள் திரள்திரளாகக் கறுவாத்தோட்டத்துள் நுழைந்த நாள்களுள் அது ஒன்று. ஏனைய நாள்களில் அவ்வீதிகளில் ஏழைகள் நுழைவது சமையலுக்கும் தோட்டவேலைக்கும் குதிரை பராமரிப்புக்குமே.

சுகஸ்தான் நாடறிந்த இல்லமானது 1911 இலே. அவ்வாண்டில் 'படித்த இலங்கையர்' என்போர்க்குச் சட்டநிரூபண சபையில் ஓர் ஆசனம் முதன்முறையாகத் தேர்தல் மூலம் வழங்கப்பட்டது. வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ மூவாயிரம் பேர். அவர்களுட் பெரும்பாலோர் சிங்களவர். போட்டியிட்டோர் இராமநாதனும் மருத்துவர் மார்க்கஸ் பெர்னாண்டோவும். இராமநாதன் வென்றார். இதனை இன ஒற்றுமையின் வெற்றி என்று மட்டும் கூறுவது நிறைவான விளக்கமாகாது. சிங்களவரிடையே நிலவிய சாதிப் போட்டியும் அவர்க்குத் துணைசெய்தது என்பதை வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவர். எனினும், தமிழர் ஒருவர் நாடு முழுவதற்கும் பொதுவான ஆசனத்தில் அமர்ந்தார். 1917 இலும் மீண்டும் அமர்ந்தார்.

இடையில் 1915 வந்தது. கம்பளையிலே பெரஹரா ஊர்வலம் மேளத்தோடு பள்ளிவாசலைக் கடந்து செல்லலாமா என்ற வழக்கு நெடுங்காலம் புகைந்துகொண்டிருந்தது. மே மாதம் 28 ஆம் நாள் இரவு கண்டியில் மூண்ட கலகம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் பறிபோயின. யூன் 2 ஆம் நாள் அரசாங்கம் இராணுவச் சட்டம் பிறப்பித்தது. பின்னர் நடந்த அடக்குமுறை கலகத்தின் அளவையும் கடந்தது. முறையான விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞன் யூலை 7 ஆம் நாள் மரண தண்டனைக்கு உள்ளானான். மதுவிலக்கு இயக்கத்தை நடத்திய சிங்களத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். பிற்காலத்தில் முதற் பிரதம மந்திரியான டி. எஸ். சேனநாயக்காவும் அவர்களுள் ஒருவர்.

அறுபத்து நான்கு வயதினரான இராமநாதன் சட்டநிரூபண சபையில் எழுந்து இக்கொடுமையைக் கண்டித்தார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்த கடலைக் கடந்து இலண்டன் சென்று குடியேற்ற மந்திரியின் முன்னிலையில் வழக்குரைத்தார். கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி நூலொன்றும் 1916 இல் அங்கு வெளியிட்டார். தேசாதிபதி சாமேர்ஸ் திருப்பியழைக்கப்பட்டார். இராமநாதன் நாடு திரும்பியபோது நிகழ்ந்ததே வாட் பிளேசின் புகழ்மிக்க காட்சி. துறைமுகத்திலே காத்திருந்த வண்டியின் குதிரைகள் அவிழ்த்துவிடப்பட்டன. சிங்களப் பெருமக்கள் தாமே வண்டியை இழுத்துக்கொண்டு அவரைச் சுகஸ்தான் வரை கொண்டுசேர்த்தனர்.

இக்காட்சி எத்தனையோ மேடைகளிலே சொல்லப்பட்டு வந்துள்ளது. சொல்வோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்ற ஒரு பக்கமும் உண்டு. கலகத்தில் அடியுண்டவர் முஸ்லிம் மக்கள். சிங்களத் தலைவர்க்காக வாதாடிய பேச்சிலே அவர்கள் பட்ட துன்பம் போதிய இடம் பெறவில்லை என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு உண்டாயிற்று. முன்னரே, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று இராமநாதன் 1880 களில் வெளியிட்ட ஆராய்ச்சியை ஐ. எல். எம். அப்துல் அசீஸ் மறுத்து எழுதியிருந்தார். ஒரே மொழி பேசும் இரு சமூகங்களிடையே வளர்ந்த இடைவெளியிற் சுகஸ்தானுக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஒரு வீதியின் பெருமையைச் சொல்ல வந்த இடத்தில் இதனையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஹோட்டன் பிளேசிலிருந்த அருணாசலத்தின் கதை இன்னும் விரைவாக இன்பத்திலிருந்து கசப்புக்குச் சென்றது. இலங்கைச் சிவில் சேவையிற் போட்டிப் பரீட்சை மூலம் புகுந்த முதல் இலங்கையர் அவர். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி அவர் எழுதிய அறிக்கை ஆராய்ச்சியாளர் நாடும் நூல். 1919 டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தார். மேல் மாகாணத் தமிழர்க்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதாகத் தரப்பட்ட வாக்குக் காப்பாற்றப்படவில்லை என்று கூறி, ஈராண்டுகளில் காங்கிரசை விட்டு விலகினார். 1924 சனவரியில், தலயாத்திரை சென்ற இடத்தில், மதுரையிலே காலமானார்.

இச்சகோதரர்களின் அரசியல் வரவேற்பறை அரசியல். ஒருவரையொருவர் அறிந்த சில நூறு குடும்பங்கள், ஒரே கல்லூரிகளிற் பயின்று, ஒரே வீதிகளில் வாழ்ந்து, தமக்குள் உடன்பாடு செய்துகொண்டால் நாடு உடன்படும் என்று நம்பிய காலம் அது. டொனமூர் ஆணைக்குழு 1928 இல் வயதுவந்தோர் எல்லோர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்று கூறியது. இராமநாதன் அதனை எதிர்த்தார். இங்கும் அவர் பக்கம் நியாயம் இருந்ததாகக் கொள்ளுதல் அரிது. 1930 நவம்பர் 26 ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு யூன் மாதத் தேர்தலில், கறுவாத்தோட்டத்து மாளிகைகளின் சமையற்காரரும் எசமானரும் ஒரே பெறுமதியுள்ள வாக்கையே அளித்தனர்.

பின்வந்த தலைமுறையின் வீடுகள் இரண்டைக் குறிப்பிடல் வேண்டும். ஒன்று றோஸ்மீட் பிளேஸ் 65 ஆம் இலக்க இல்லம். மருத்துவர் லூசியன் டி சில்வா கட்டிய இந்த ரின்ராஜெல் மாளிகை பின்னர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் இல்லமாயிற்று. 1957 யூலையில் அவர் செல்வநாயகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம், பிரதேச சபைகள் மூலம் தமிழர் குறைகளைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியது. 1958 ஏப்பிரில் 9 ஆம் நாள் காலை பௌத்த பிக்குகள் பெருந்தொகையாக வந்து அவ்வில்லத்தின் முன்றிலில் அமர்ந்தனர். ஒப்பந்தம் கிழியும் வரை எழுவதில்லை என்றனர். அன்றே பிரதம மந்திரி ஒப்பந்தத்தைக் கைவிட்டதாக எழுத்திற் கொடுத்தார். அடுத்த மாதம் நாடு இனக்கலவரத்திற் பற்றியெரிந்தது. 1959 செப்ரெம்பர் 25 ஆம் நாள் அதே இல்லத்தின் விறாந்தையில், தம்மைக் காண வந்தோரை வரவேற்றுக்கொண்டு நின்ற பண்டாரநாயக்கா பிக்கு ஒருவராற் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். அவர் மனைவியார் சிறிமாவோ 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமரானார். இந்நூற்றாண்டில் அவ்வில்லம் விருந்தினர் விடுதியாக மாறியது.

மற்றையது வாட் பிளேஸ் 66 ஆம் இலக்க இல்லம்; பிறேமார் என்பது பெயர். ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் இல்லம் அது. மேற்கூறிய ஒப்பந்தத்தை எதிர்த்து 1957 ஒக்ரோபரிற் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டவர் அவர். 1977 இற் பிரதமராகி, 1978 இல் நிறைவேற்று அதிகாரமுடைய முதல் சனாதிபதியானார். உத்தியோக மாளிகைகள் பல இருந்தும், வாட் பிளேஸ் வீட்டையே அவர் பெரிதும் விரும்பினார்.

1983 யூலை 23 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியிற் கண்ணிவெடியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் போர்வீரர் பதின்மூவர் கொல்லப்பட்டனர். இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி எழுந்ததும் அதே திருநெல்வேலியில்தான். மறுநாள் அவ்வீரர்களின் உடல்களை அடக்கஞ் செய்யப் பொரளைக் கனத்தை மயானத்திலே கூடிய கூட்டம், இரவாகியபோது பொரளையிலிருந்த தமிழர் கடைகளுக்குத் தீயிட்டது. வாட் பிளேசின் கீழ்முனை அப்பொரளைதான். அங்கிருந்து தீ கொழும்பெங்கும் பரவியது. வெலிக்கடைச் சிறைச்சாலையும் பொரளைப் பகுதியினதே. யூலை 25 ஆம், 27 ஆம் நாள்களில் அங்கே ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். சனாதிபதி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாட்டு மக்களுக்கு உரையாற்றியது 28 ஆம் நாள். அடிபட்டோர்க்கு ஆறுதலான ஒரு சொல்லும் அவ்வுரையில் இருக்கவில்லை. அகதி முகாம்களில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து அதற்காகவே காதுகொடுத்தவர்கள் பலர். வண்டியிழுத்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே எழுபது ஆண்டுகள்கூட நிரம்பவில்லை.

இன்று வாட் பிளேசில் மாளிகைகள் அருகிவிட்டன. வைத்திய நிலையங்களும் காரியாலயங்களும் மாடிவீடுகளும் மிகுந்துள்ளன. 20 ஆம் இலக்கத்தில் இருப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. ஜயவர்த்தனா ஆட்சியில் இயற்றப்பட்ட 1978 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தால் உருவான நிறுவனம் அது. உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர் ஒவ்வொருவரும், எந்த மாவட்டத்தவராயினும், வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருப்பது அதன் வாயிலை நோக்கியே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தெரிந்தனுப்புவதும் அதுவே. அப்பல்கலைக்கழகம் 1974 இல் தொடங்கியது பரமேசுவராக் கல்லூரியின் வளவிலே. ஆக, இராமநாதன் வாழ்ந்த வீதியிலிருந்து இராமநாதன் எழுப்பிய கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகள் அனுப்பப்படுகின்றனர்.

கொழும்பிற் பல வீதிகள் பெயர் மாறிவிட்டன. ரறெற் வீதி தர்மபால மாவத்தையாயிற்று. விக்டோரியாப் பூங்கா விகாரமகாதேவிப் பூங்காவாயிற்று. வாட்டும் றோஸ்மீட்டும் பாண்சும் ஹோட்டனும் மட்டும் தப்பிநிற்கின்றனர். இராமநாதன் பெயரில் வாட் பிளேஸ் வழங்கவில்லை. அவ்வீதியிலிருந்து உட்செல்லும் சிறு ஒழுங்கை ஒன்றே, சுகஸ்தான் கார்டின்ஸ் என்று அவர் இல்லத்தின் பெயரைத் தாங்குகின்றது. முகவரி தேடிவரும் தபாற்காரரும் வாடகைக்கார் ஓட்டுநரும் அப்பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர்.